உருண்டையின் மேல் ஒரு மில்லிமீட்டர்

கிறிஸ்துமஸ் விருந்துக்குக் கேக் பாப், அதாவது குச்சியில் குத்திய கேக் உருண்டை, செய்கிறவர்கள் எல்லோருக்கும் ஆசை ஒன்றுதான்: மேற்பரப்பு வழுவழுவென்று இருக்க வேண்டும், விளக்கொளி அதில் பட்டு மின்ன வேண்டும். அந்த வழுவழுப்பை எந்தக் கையும் தேய்த்துக் கொண்டுவருவதில்லை. கத்தியோ கரண்டியோ தூரிகையோ பூச்சைத் தொடுவதே இல்லை. தொட்டால் தடம் விழும். உருகிய சாக்லேட்டில் முக்கி எடுத்தபின் மேடு பள்ளங்களைச் சமன்செய்பவை புவியீர்ப்பும் பரப்பு இழுவிசையும்தான். பளபளப்பைக் கொண்டுவருவதோ, கொழுப்பு மூலக்கூறுகள் தாமாகவே நெருங்கி அடுக்கிக்கொள்ளும் ஒழுங்கு. செய்கிறவர் வசம் இருப்பவை வெப்பநிலையும் நேரமும் மட்டுமே. இவை இரண்டையும் சரியாகக் கொடுத்துவிட்டால் மீதி வேலையை இயற்கை செய்துவிடும். ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிமனே உள்ள ஒரு படலத்துக்குள் இவ்வளவு அறிவியல் நடக்கிறது என்பதே இந்த இனிப்பின் பெரிய வியப்பு.

மீந்த கேக்கை உதிர்த்து உருண்டை பிடிக்கும் வழக்கம் பழையது. டென்மார்க் நாட்டு பேக்கரிகளில் அன்றன்று விற்காத கேக்கைப் பிசைந்து ரம் மணத்தோடு உருட்டி விற்பார்கள். அந்த உருண்டையைக் குச்சியில் குத்தி, சாக்லேட்டில் முக்கி, பொம்மை முகங்களாக அலங்கரிக்கும் இன்றைய வடிவத்தைப் பரப்பியவர் அமெரிக்காவின் ஆஞ்சி டட்லி. 2008 வாக்கில் அவர் செய்த கேக் பாப்கள் பெயர் பெற்றன. 2010 இல் அவருடைய ‘கேக் பாப்ஸ்’ புத்தகம் வந்தது. 2011 இல் ஸ்டார்பக்ஸ் கடைகள் அதை விற்கத் தொடங்கின. அதன்பிறகு குழந்தைகளின் பிறந்தநாள், கிறிஸ்துமஸ், புத்தாண்டு என எந்த விருந்துக்கும் அது வந்து சேர்ந்தது.

உள்ளே இருப்பது

கேக் என்பது திடமாகிவிட்ட நுரை. அடுப்பில் முட்டைப் புரதம் இறுகி, மாவின் ஸ்டார்ச் நீர் குடித்து உப்பி, ஆயிரக்கணக்கான காற்றறைகளைச் சுற்றிச் சுவர் எழுப்புகிறது. கேக் பாப் செய்யும்போது முதல் வேலையே அந்தச் சுவர்களை உடைப்பதுதான். ஆறிய கேக்கின் பழுப்பு நிற ஓரங்களை வெட்டி எடுத்துவிட்டு, நடுப்பகுதியை விரல்களால் சீராக உதிர்க்க வேண்டும். ஓரம் அடுப்புச் சூட்டில் ஈரம் இழந்து இறுகியிருக்கும். அது தூளாகாமல் சில்லாக நிற்கும். உருண்டையின் மேற்பரப்பில் அப்படி ஒரு சில் துருத்திக்கொண்டிருந்தால், எவ்வளவு நல்ல சாக்லேட் ஊற்றினாலும் அது மறையாது.

உதிர்த்த தூளை இணைப்பது பட்டர் க்ரீம். ரவா லட்டில் நெய் செய்யும் வேலையை இங்கே வெண்ணெய் செய்கிறது: துகளுக்கும் துகளுக்கும் நடுவே மெல்லிய கொழுப்புப் பாலம் ஒன்று உருவாகிறது, உருண்டை குளிர்ந்ததும் அந்தப் பாலம் இறுகிப் பிடித்துக்கொள்கிறது. க்ரீம் குறைந்தால் உருண்டை பிளக்கும். கூடினால் துகள்களுக்கு நடுவே இருக்கும் இடமெல்லாம் கொழுப்பால் நிரம்பி, ஒன்றோடொன்று உராய்ந்து நிற்க வேண்டிய துகள்கள் வழுக்க ஆரம்பிக்கும். உருண்டை தன் எடை தாங்காமல் குச்சியிலிருந்து இறங்கும். அதனால் க்ரீமை மொத்தமாகக் கொட்டக் கூடாது, ஒவ்வொரு கரண்டியாகச் சேர்க்க வேண்டும். கைப்பிடியில் அழுத்தினால் உருவம் நிற்க வேண்டும், உள்ளங்கையில் எண்ணெய்ப் பசை ஒட்டக் கூடாது. அதுவே சரியான பதம்.

உருண்டை வடிவத்தைத் தேர்ந்ததில் அழகு மட்டும் இல்லை. ஒரே கன அளவுள்ள எல்லா வடிவங்களிலும் மிகக் குறைந்த மேற்பரப்பு கோளத்துக்குத்தான். 3.5 செ.மீ. விட்டமுள்ள உருண்டையின் கன அளவு சுமார் 22 க.செ.மீ.; மேற்பரப்பு சுமார் 38 ச.செ.மீ. அதே கேக்கைக் கனசதுரமாக வெட்டியிருந்தால் மேற்பரப்பு 24 விழுக்காடு அதிகம் ஆகியிருக்கும். மேற்பரப்பு குறைந்தால் பூச்சும் குறைவு: ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்கு உருண்டை ஒன்றுக்கு 5 கிராம் சாக்லேட் போதும். இன்னொரு நன்மையும் உண்டு. கூரிய விளிம்பில் எந்தத் திரவப் படலமும் மெலிந்துபோகும். வளைவு மிகுந்த இடத்திலிருந்து பரப்பு இழுவிசை திரவத்தைப் பக்கங்களுக்குத் தள்ளிவிடும். கோளத்தில் வளைவு எங்கும் ஒன்றே. மெலிய விளிம்பே கிடையாது.

குச்சி செருகுவதற்கும் முறை இருக்கிறது. குச்சியின் நுனியை முதலில் உருகிய சாக்லேட்டில் ஒரு சென்டிமீட்டர் முக்கி, உருண்டையின் பாதி ஆழம் வரை செருக வேண்டும். குச்சி குளிர்ந்த கேக்குக்குள் போனதும் அந்தச் சாக்லேட் துகள்களுக்கு இடையே இறங்கி உறைந்து, குச்சியைச் சுற்றி ஒரு திட வளையமாக நிற்கும். உருண்டையைத் தாங்குவது அந்த வளையம்தான். கேக்கின் இறுக்கத்தை மட்டும் நம்பிக் குத்திய குச்சி, முக்கி எடுக்கும்போது தனியாகக் கையோடு வந்துவிடும்.

சாக்லேட் வழியும் விதம்

உருகிய சாக்லேட் பார்வைக்கு ஒரே சீரான திரவம். உண்மையில் அது கொழுப்பில் மிதக்கும் துகள்களின் கூட்டம். சர்க்கரையும் கொக்கோவும் சுமார் 20 மைக்ரான் அளவுக்கு அரைக்கப்பட்டு அதில் நிறைந்திருக்கின்றன. சுமார் 30 மைக்ரானைத் தாண்டினால் நாக்கு அதை நறநறப்பாக உணரும்; ஆலைகள் அதற்குக் கீழே அரைப்பது அதனால்தான். இந்தத் துகள்கள் ஒன்றோடொன்று லேசாகப் பிணைந்து நிற்பதால் சாக்லேட்டுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. தண்ணீரை எவ்வளவு மெதுவாகச் சாய்த்தாலும் அது ஓடும். சாக்லேட் அப்படி இல்லை. அதன் மேல் விழும் விசை ஓர் எல்லையைத் தாண்டும்வரை அசையாது. தாண்டினால் ஓடும். இந்த எல்லையை இயற்பியலில் விளைவுத் தகைவு என்பார்கள். அச்சு மையின் ஓட்டத்தை விளக்க 1959 இல் காசன் என்பவர் தந்த சமன்பாடு பின்னர் சாக்லேட்டுக்கும் பொருந்தியது. 1973 இல் சாக்லேட் தொழில்துறை அதையே தன் அளவு முறையாக ஏற்றது.

கேக் பாப்பின் அடியில் தொங்கும் வாலுக்குக் காரணம் இந்தப் பிடிவாதமே. முக்கி எடுத்த உருண்டையிலிருந்து மிகுதிச் சாக்லேட் வடிகிறது; படலம் மெலிய மெலிய அதை இழுக்கும் எடையும் குறைகிறது; ஒரு கட்டத்தில் அந்த எடை எல்லையைவிடக் கீழே போய்விடுகிறது. உடனே ஓட்டம் நின்று, அலையும் சொட்டும் அப்படியே தங்கிவிடுகின்றன. அந்த நேரத்தில் குச்சி பிடித்த கையின் மணிக்கட்டை மறு கையால் மெல்லத் தட்ட வேண்டும். ஒவ்வொரு தட்டும் படலத்துக்குள் கணநேர விசையைச் செலுத்தி எல்லையைத் தாண்ட வைக்கிறது; சாக்லேட் மறுபடி ஓடிச் சமமாகிறது. ஆலைகளில் அச்சுகளை அதிரும் மேடை மேல் நகர்த்துவதும் இதற்காகவே. குச்சியை நேரடியாகத் தட்டினால் உள்ளே இன்னும் முழுக்க இறுகாத சாக்லேட் வளையம் தளரும், அதனால்தான் மணிக்கட்டு.

சாக்லேட் கெட்டியாக இருக்கிறதென்று பலர் கூடுதலாகச் சூடேற்றுவார்கள். அதைவிடக் கொஞ்சம் கொழுப்பு சேர்ப்பது நல்லது. எந்தக் கொழுப்பு என்பதைப் பிறகு பார்ப்போம். ஆலைகளில் இதற்கு லெசித்தின் சேர்க்கிறார்கள். அதன் மூலக்கூறின் ஒரு முனை சர்க்கரையைப் பற்றும், மறு முனை கொழுப்போடு கலக்கும். துகள்கள் உரசாமல் நழுவும். தன் எடையைப் போலப் பத்து மடங்கு கொக்கோ வெண்ணெய் தரும் இளக்கத்தை அது தருகிறது. அதனால் அரை விழுக்காட்டுக்கு உட்பட்ட அளவே போதுமானதாக இருக்கிறது.

சாக்லேட்டில் மூழ்கிய உருண்டையை எவ்வளவு வேகத்தில் வெளியே எடுக்கிறோம் என்பதும் முக்கியம். திரவத்திலிருந்து ஒரு தகட்டை மேலே இழுத்தால் அதில் ஒட்டி வரும் படலம் எவ்வளவு தடிமனாக இருக்கும் என்பதை சோவியத் அறிவியலாளர்கள் லாண்டாவும் லெவிச்சும் 1942 இல் கணக்கிட்டார்கள். இழுக்கும் வேகம் 8 மடங்கானால் படலம் 4 மடங்கு தடிக்கும். அவர்கள் எடுத்துக்கொண்டது எளிய திரவமும் தட்டையான தகடும். சாக்லேட்டுக்கு எண்கள் மாறும், ஆனால் போக்கு அதுவே. வெடுக்கென்று இழுத்தால் கனமான பூச்சு வரும், அது வடிந்து குச்சியடியில் குவியும். மெதுவாக, நேராக மேலே எடுத்தால் மெல்லிய சீரான பூச்சு கிடைக்கும்.

இந்த விஷயத்தில் மிக அழகான கண்டுபிடிப்பு 2016 இல் வந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பெட்ரோ ரெய்ஸ், ஆன்னா லீ முதலியோர் அடங்கிய குழு, கோளத்தின் மேல் ஊற்றிய திரவம் வடிந்து ஓடாக உறைவதை ஆராய்ந்தது. சாக்லேட் கலைஞர்கள் போன்போன் மிட்டாய்க்கு ஓடு செய்யும் முறையே அவர்களுக்குத் தூண்டுதல். சோதனைக்கு எடுத்துக்கொண்டது அச்செடுக்கப் பயன்படும், தானாக இறுகும் ஒரு சிலிக்கோன் ரப்பர். எவ்வளவு ஊற்றினார்கள், எந்த உயரத்திலிருந்து ஊற்றினார்கள் என்பதெல்லாம் ஓட்டின் தடிமனைப் பாதிக்கவில்லை. திரவத்தின் பாகுத்தன்மை, அடர்த்தி, கோளத்தின் ஆரம், உறைவதற்கு ஆகும் நேரம் ஆகியவையே தடிமனை முடிவுசெய்தன. கோளத்தில் வடியும் படலம் தன் தொடக்கத் தடிமனை விரைவில் மறந்துவிடுகிறது. பிறகு அது நேரத்துக்கு மட்டுமே கட்டுப்படும்: நான்கு மடங்கு நேரம் வடிந்தால் தடிமன் பாதியாகும். ஓட்டின் தடிமனும் ஏறக்குறைய எங்கும் ஒன்றாகவே அமைந்தது.

சமையலறையில் இதற்குப் பொருள் இதுதான். கிண்ணத்தில் சாக்லேட் ஆழமாக இருந்து உருண்டை முழுக்க ஒரே முக்கில் மூழ்கினால் போதும். அளந்து ஊற்ற வேண்டியதில்லை. ஒரே வெப்பநிலையில் இருக்கும் சாக்லேட், ஒரே அளவு உருண்டை, ஒரே அளவு குளிர்ச்சி ஆகிய மூன்றையும் காத்தால், நாற்பது கேக் பாப் செய்தாலும் பூச்சு எல்லாவற்றிலும் ஒன்றாகவே வரும். சாக்லேட் நடுவில் ஆறிக் கெட்டியாவதுதான் கடைசிப் பத்து கேக் பாப்கள் முதல் பத்தைவிடத் தடித்துப் போவதற்குக் காரணம்.

வடிவதோடு இன்னொரு போட்டியும் நடக்கிறது. பரப்பு இழுவிசை மேற்பரப்பின் சிற்றலைகளைத் தட்டையாக்கப் பார்க்கிறது. அதன் வேகம் அலையின் அகலத்தைப் பொறுத்துக் கடுமையாக மாறும்: இரண்டு மடங்கு அகலமான மேடு மறைய 16 மடங்கு நேரம் ஆகும். அதாவது, மணல் அளவுச் சொரசொரப்பைப் பூச்சு தானே மூடிவிடும். விரல் பட்டு விழுந்த பள்ளத்தை மூடாது, அதற்குள் சாக்லேட் உறைந்துவிடும். ஆகவே அகன்ற மேடு பள்ளங்களை உருட்டும்போதே போக்கிவிட வேண்டும். உருண்டைகளைப் பதினைந்து நிமிடம் பிரிட்ஜில் வைத்து, வெண்ணெய் கொஞ்சம் இறுகியதும் எடுத்து, இரண்டாம் முறை உள்ளங்கையில் உருட்டுங்கள். முதல் உருட்டலில் போகாத தட்டைப் பகுதிகளும் கீறல்களும் இதில் போய்விடும். வழுவழுப்பில் பாதி இங்கேயே கிடைத்துவிடுகிறது.

ஆறு வடிவங்கள் கொண்ட கொழுப்பு

பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பில் ஊடுபயிராக நிற்கும் கொக்கோ மரத்தின் காயை உடைத்தால் வெள்ளைச் சதைக்குள் விதைகள் இருக்கும். நொதிக்க வைத்து, காயவைத்து, வறுத்து, தோல் நீக்கிய பருப்பில் பாதிக்கு மேல் கொழுப்பு. அதுதான் கொக்கோ வெண்ணெய். இயற்கையில் கிடைக்கும் பெரும்பாலான கொழுப்புகளில் பலவகை மூலக்கூறுகள் கலந்திருக்கும். அவை பரந்த வெப்பநிலையில் கொஞ்சம் கொஞ்சமாக இளகும். கொக்கோ வெண்ணெயில் மூன்றே வகை மூலக்கூறுகள் பெரும்பங்கு வகிக்கின்றன. மூன்றுக்கும் அமைப்பு ஏறக்குறைய ஒன்றே. ஓரங்களில் நேரான நிறைவுற்ற கொழுப்பமிலங்கள், நடுவில் வளைந்த ஓலியிக் அமிலம். ஒத்த வடிவம் கொண்டவை என்பதால் அவை நெருக்கமாக அடுக்கிக்கொள்ள முடிகிறது. அடுக்கு குலையும்போதும் எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் குலைகின்றன. விரலில் திடமாக நின்ற சாக்லேட் வாயில் சட்டென்று கரைவதும், கரையும்போது நாக்கின் வெப்பத்தை இழுத்துக்கொண்டு லேசான குளிர்ச்சி தருவதும் இதனால்தான்.

அடுக்கிக்கொள்ளும் விதம் ஒன்றல்ல, ஆறு. 1966 இல் வில்லியும் லட்டனும் இந்த ஆறு படிக வடிவங்களையும் வரிசைப்படுத்தினார்கள். முதல் வடிவம் சுமார் 17 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். அடுத்தடுத்த மூன்றும் 23 முதல் 28 டிகிரிக்குள் உருகும். ஐந்தாவது 34 டிகிரிக்குச் சற்றுக் கீழே; ஆறாவது 36 டிகிரியில். மூலக்கூறு அதேதான், வேதிப்பொருள் அதேதான். அடுக்கு மட்டும் மாறினால் உருகுநிலை ஏறக்குறைய இருபது டிகிரி தள்ளிப் போகிறது. நமக்கு வேண்டியது ஐந்தாவது வடிவம். அதுதான் அறையில் திடமாக நின்று வாயில் கரையும். அதன் படிகங்கள் சிறியவையாகவும் நெருக்கமாகவும் அமைந்தால் மேற்பரப்பு ஒளியை ஒரே திசையில் திருப்பியனுப்பும், அதைத்தான் நாம் பளபளப்பாகக் காண்கிறோம். கொழுப்பு மேலெழுந்து பெரிய படிகங்களாக வளர்ந்தால் ஒளி எல்லாத் திசையிலும் சிதறும். சாக்லேட் சாம்பல் பூத்துத் தெரியும்.

உருகிய சாக்லேட்டை அப்படியே ஆறவிட்டால் நிலையற்ற படிகங்களே முந்திக்கொண்டு உருவாகும். அதைத் தடுக்கும் முறைக்கு டெம்பரிங் என்று பெயர். டார்க் சாக்லேட்டை 45 முதல் 50 டிகிரி வரை சூடாக்கி எல்லாப் படிகங்களையும் கரைக்க வேண்டும். பிறகு கிளறிக்கொண்டே 27, 28 டிகிரிக்கு இறக்கினால் நான்காவதும் ஐந்தாவதும் கலந்து பிறக்கும். கடைசியாக 31, 32 டிகிரிக்கு ஏற்றினால் நான்காவது உருகிவிடும், ஐந்தாவது மட்டும் மிஞ்சும். மிஞ்சிய அந்தச் சிறு படிகங்கள் விதைகளாக நின்று, உறையும் கொழுப்பு முழுவதையும் தம் வழிக்கே திருப்பும். மில்க் சாக்லேட்டுக்குக் கடைசிப் படி 29, 30 டிகிரி. நல்ல டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று இருந்தால் வீட்டிலேயே செய்துவிடலாம். 2021 இல் கனடாவின் குயெல்ஃப் பல்கலைக்கழகத்தில் அலெஹாண்ட்ரோ மராங்கோனியின் குழு இன்னும் எளிய வழியைக் காட்டியது: ஒரு குறிப்பிட்ட நிறைவுற்ற பாஸ்போலிப்பிடை ஆயிரத்தில் ஒரு பங்கு சேர்த்தால், 50 டிகிரியிலிருந்து நேரே 20 டிகிரிக்குக் குளிர்வித்தாலும் கொக்கோ வெண்ணெய் ஐந்தாம் வடிவத்துக்கே போய்ச் சேர்கிறது.

நம் ஊர்க் கடைகளில் கட்டியாக விற்கும் கம்பவுண்ட் சாக்லேட் வேறு வகை. அதில் கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாகப் பெரும்பாலும் பனங்கொட்டை எண்ணெயிலிருந்து பிரித்தெடுத்த கொழுப்பு இருக்கும். அதில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். இந்தக் கொழுப்பு குளிர்ந்ததும் ஒரே நிலையான வடிவத்துக்கு விரைந்து போய்விடும், டெம்பரிங் தேவையில்லை. நாற்பது கேக் பாப் செய்ய வேண்டிய விருந்து நாளில் இது பெரிய உதவி. சுவையின் ஆழத்தில் மட்டும் அது உண்மையான சாக்லேட்டுக்கு ஈடாகாது.

இரண்டையும் கலந்தால் நல்லதுதானே என்று தோன்றும். கலக்கக் கூடாது. இரு கொழுப்புகளின் மூலக்கூறுகளும் ஒன்றின் அடுக்கில் மற்றொன்று பொருந்தாது. கலவை இரண்டையும்விட மென்மையாகிப் போகும், சீக்கிரம் சாம்பல் பூக்கும். இளக்கச் சேர்க்கும் கொழுப்புக்கும் இதே விதி. கம்பவுண்டோடு தேங்காயெண்ணெய் ஒத்துப்போகும், ஏனென்றால் அதுவும் லாரிக் குடும்பம்; ஆனால் அது 24 டிகிரி வாக்கிலேயே உருகுவதால், கிலோவுக்கு ஓரிரு கரண்டிக்கு மேல் போனால் நம் வெயிலில் பூச்சு விரலில் ஒட்டும். உண்மையான சாக்லேட்டுக்குக் கொக்கோ வெண்ணெயே சேர்க்க வேண்டும்.

விரிசலும் வியர்வையும்

இரவு அழகாக இருந்த கேக் பாப் காலையில் வெடித்து நிற்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். காரணம் வெப்பநிலை வேறுபாடு. உள்ளே குளிர்ந்த கேக். வெளியே சூடான பூச்சு. பூச்சு உறையும்போது சுருங்குகிறது. உள்ளே உள்ள கேக் அறை வெப்பத்துக்கு வரும்போது விரிகிறது: 5 டிகிரியிலிருந்து 25 டிகிரிக்கு வரும்போது அதனுள் இருக்கும் காற்று மட்டுமே 7 விழுக்காடு விரியும், இளகும் வெண்ணெய்யும் தன் பங்குக்கு விரியும். சுருங்கும் ஓட்டுக்குள் விரியும் உருண்டை. எங்கே பூச்சு மெலிந்ததோ அங்கே விரிசல். சிறு துளை இருந்தால் அதன் வழியாக உள்ளிருக்கும் கொழுப்பு துளித்துளியாகக் கசியும்.

தீர்வு இரு வெப்பநிலைகளையும் நெருங்க வைப்பது. ஃப்ரீஸரில் கல்லாக்கிய உருண்டையை முக்கக் கூடாது. பிரிட்ஜில் இறுக வைத்து, சில நிமிடம் வெளியே வைத்து, தொட்டால் சில்லென்று இருக்கும் நிலையில் முக்க வேண்டும். சாக்லேட்டும் வழியும் அளவுக்கு மட்டும் சூடாக இருந்தால் போதும். மிகக் குளிர்ந்த உருண்டை இன்னொரு தீங்கும் செய்யும்: அதில் பட்ட சாக்லேட் சமனாவதற்குள் உறையும், அலைகள் நிரந்தரமாகும், திடீர்க் குளிர்ச்சியில் நிலையற்ற படிகங்களும் பெருகும்.

சென்னை, தூத்துக்குடி, நாகர்கோவில் போன்ற ஊர்களில் விருந்து வைப்பவர்களுக்கு ஈரக்காற்று தனிக் கவலை. 28 டிகிரி வெப்பமும் 75 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்றில் பனிநிலை சுமார் 23 டிகிரி. அதைவிடக் குளிர்ந்த எந்தப் பொருளின் மீதும் நீர் படியும். பிரிட்ஜிலிருந்து எடுத்த கேக் பாப் சில நொடிகளில் வியர்ப்பது இதனால்தான். அந்த நீர் பூச்சின் சர்க்கரையைக் கரைக்கும். நீர் உலர்ந்ததும் சர்க்கரை சொரசொரப்பான படிகமாக மேலே படியும், பளபளப்பு போய்விடும். கேக் பாப்பைக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்துக் குளிர்வியுங்கள். வெளியே எடுத்தபின் டப்பாவே அறை வெப்பத்துக்கு வரும்வரை மூடியைத் திறக்காதீர்கள். நீர் டப்பாவின் வெளிப்புறத்தில் படிந்து போகும், உள்ளே இருப்பது உலர்ந்தே இருக்கும்.

உருகும் சாக்லேட்டுக்குள் நீர் போனால் இன்னும் மோசம். டபுள் பாய்லிங் முறையில், அதாவது வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணம் வைத்து உருக்கும்போது, அரைக் கரண்டித் தண்ணீர் கிண்ணத்தில் தெறித்தாலும் சாக்லேட் திரண்டு களியாகிவிடும். கொழுப்பில் மிதந்த சர்க்கரைத் துகள்களின் மேல் நீர் படிந்து, அவை பசையாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதே காரணம். வியப்பு என்னவென்றால், சிறிது நீரால் கெட்ட அதே சாக்லேட்டைக் கூடுதல் நீரோ சூடான பாலோ சேர்த்து மீட்டுவிடலாம். சர்க்கரை முழுவதும் நீரில் கரைந்ததும், கொழுப்புத்தான் இப்போது நீருக்குள் சிறு துளிகளாக மிதக்கும். பளபளப்பான சாஸ் கிடைக்கும். அது ஐஸ்கிரீம் மேல் ஊற்ற நன்று, ஆனால் ஓடாக உறையாது. தண்ணீரில் கரையும் உணவு நிறத்தைப் பூச்சில் விடக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். எண்ணெயில் கரையும் நிறமோ உலர் தூள் நிறமோ வேண்டும்.

அலங்காரத்தின் நேரம்

முக்கி வடித்த பிறகு குச்சியைத் தெர்மாக்கோல் பலகையில் நிறுத்துகிறோம். அப்போது பூச்சின் மேல் ஓர் ஈரப் பளபளப்பு இருக்கும். உறைய உறைய அது மங்கி வரும். நட்சத்திரங்களும் வண்ண மணிகளும் தூவ வேண்டிய நேரம் வடிதல் நின்றதற்கும் ஈரப் பளபளப்பு மங்குவதற்கும் இடையில்தான். அதற்கு முன்னே தூவினால் அவை ஓடும் படலத்தோடு சேர்ந்து குச்சியடிக்கு இறங்கும். பின்னே தூவினால் பட்டுத் தெறித்துக் கீழே விழும். கம்பவுண்ட் பூச்சில், குளிர்ந்த உருண்டையின் மேல், இந்த இடைவெளி மிகக் குறுகியது. ஆகவே ஒவ்வொன்றாக முக்கி, ஒவ்வொன்றாகத் தூவி முடித்துவிட்டே அடுத்ததை எடுக்க வேண்டும்.

கோடு போடுவதில் இன்னும் அழகான அறிவியல் இருக்கிறது. கூம்புப் பையிலிருந்து வழியும் கெட்டித் திரவ இழை நிலையான தளத்தில் விழும்போது சுருள் சுருளாகச் சுற்றிக்கொள்ளும். தளம் நகர்ந்தால் அது என்ன செய்யும் என்று கேம்பிரிட்ஜின் சியு-வெப்ஸ்டரும் லிஸ்டரும் 2006 இல் ஆராய்ந்தார்கள். தளம் வேகமாக நகர்ந்தால் நேர்க்கோடு. வேகம் குறையக் குறைய முதலில் நெளிகோடு, பிறகு எட்டு வடிவங்கள், கடைசியில் வட்டச் சுருள்கள் என ஒழுங்கான வடிவங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. இழை விழும் வேகத்தைவிடக் கை வேகமாகப் போனால் கோடு இழுபட்டு நேராகிறது. மெதுவானால் மிகுதி இழை மடிந்து தானே வடிவம் போடுகிறது. கிறிஸ்துமஸ் மரத்தின் தோரணம் நெளிவாக வேண்டுமென்றால் கையை நெளிக்க வேண்டாம். பையைச் சற்று உயர்த்திப் பிடித்து, கையை நேராகவும் மெதுவாகவும் நகர்த்துங்கள். நேர்க்கோடு வேண்டுமென்றால் தாழப் பிடித்து வேகமாக இழுங்கள்.

பனிமனிதனின் கண்ணும் மூக்கும் வைப்பதெல்லாம் பூச்சு முழுக்க உறைந்த பிறகு. ஒரு பல்குத்தும் குச்சியின் நுனியில் சொட்டுச் சாக்லேட் எடுத்துத் தொட்டு வைத்து, அதில் மிட்டாய்க் கண்ணை ஒட்டினால் போதும். அந்தச் சொட்டு குளிர்ந்த பரப்பில் உடனே உறையும். அழுத்திப் பிடிக்கத் தேவையில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் சில உருண்டைகள் கோணலாகவோ சாம்பல் பூத்தோ வரத்தான் செய்யும். அவற்றைக் கவனமாகப் பாருங்கள். எங்கே பிசகியது என்று அவையே சொல்லும். அலையோடு நின்ற பூச்சு, உருண்டை அதிகம் குளிர்ந்திருந்தது என்கிறது. வால் விட்டது, சாக்லேட் ஆறிவிட்டது அல்லது தட்டுவது போதவில்லை என்கிறது. விரிசல், இரு வெப்பநிலைகளும் விலகியிருந்தன என்கிறது. அந்தப் பூச்சு வீணுமில்லை. கத்தியால் பெயர்த்தெடுத்து, துகள்கள் இருந்தால் உருக்கி வடிகட்டி, மறுபடி 45 முதல் 50 டிகிரிக்கு ஏற்றினால் எந்த வடிவத்தில் உறைந்திருந்தாலும் எல்லாப் படிகங்களும் குலைந்து, கொழுப்பு பழைய அடுக்கின் நினைவே இல்லாத திரவமாகிவிடும். வேதிப்பொருளில் எதுவும் கெடவில்லை, அடுக்கு மட்டுமே தவறியிருந்தது. அதே சாக்லேட்டை அதே கிண்ணத்தில் முதலிலிருந்து குளிர்வித்து, அடுத்த உருண்டையை முக்கலாம்.